பூச்சிதானே

ஜூலை 9

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். நானும் உன் வீட்டுக்காரனும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். உன் ஆராய்ச்சி நிலையத்தில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த நேரத்தில் நான் பேசினால் என் பிள்ளை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "என்னம்மா சொல்றா, என்ன சொல்றா" என்று நச்சரிக்கிறான். "நீயே பேசேண்டா" என்று போனை நீட்டினால், "வேலை இருக்கு" என்று நகர்ந்துவிடுகிறான். எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். நேற்று உன் அலமாரியைத் திறந்தேன். விடாத மழை, துணியெல்லாம் ஈர வாடை. அடித்தட்டில் உன் கேமராப் பை இருந்தது. புழங்காமல் மூடி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். எட்டு மாத வேலைக்குப் போகிறவள் குடை முதல் நகவெட்டி வரை எடுத்துக்கொண்டு, உயிரை விட்டுப் படமெடுத்த கேமராவை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். கேட்டதற்கு, நிலையத்திலேயே கேமரா தருகிறார்கள் என்றாய். இருக்கட்டும். மார்ச்சில் நீ திரும்பி வரும்போது லென்ஸ் கெட்டுக் கிடந்தால் பழி என் தலையில் விழும். ஆகவே வெளியே எடுத்துத் துடைத்து, பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றினேன்.

எடுத்தது எடுத்தோம் என்று, கொடிக்கயிற்றில் உட்கார்ந்திருந்த சிவப்புத் தட்டானைப் படம் பிடித்துப் பார்த்தேன். வற்றல் மிளகாயை ஈரத்துணியால் இழுத்துத் துடைத்த மாதிரி வந்தது. பத்து முறை எடுத்தேன், பத்தும் மிளகாய். நான் என்ன தப்புச் செய்கிறேன் என்று எழுது. சுருக்கமாக எழுதாதே. எனக்குக் காரணமும் வேண்டும்.

ஆசிகளுடன்,
அத்தை


ஜூலை 28

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் அந்தக் கேமராவைத் தொடுவீர்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

மிளகாய்க்குக் காரணம் இரண்டு. ஒன்று, இவ்வளவு பக்கத்தில் போகும்போது துலக்கமாகத் தெரிகிற இடம் ஒரு காகிதத்தின் கனம்தான். தட்டானின் மூக்கு அதில் இருந்தால் வால் வெளியே. ஆகவே அதன் உடம்புக்குப் பக்கவாட்டில், கேமராவும் உடம்பும் இணையாக இருக்கிற மாதிரி நில்லுங்கள். முடியாவிட்டால் கண்ணை மட்டும் பிடியுங்கள். கண் தெளிவாக இருந்தால் மற்றது மங்கினாலும் பார்க்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள். இரண்டாவது, லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்திருப்பீர்கள். அதை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, உங்கள் உடம்பை மட்டும் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். மூச்சை விட்டு முடித்த கணத்தில் பொத்தானை அழுத்துங்கள்.

உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. பறந்தால் துரத்தாதீர்கள். அந்தச் சிவப்பு ஜாதி தனக்கென்று ஒரு குச்சியோ கயிறோ வைத்துக்கொள்ளும். ஒரு சுற்றுப் போய்விட்டு அங்கேயே வந்து உட்காரும். அசையாமல் காத்திருந்தால் போதும்.

எனக்கு இங்கே ஏரிக்கரையில் ஒரு தகரக் கூரை அறை. காலையில் கரையோரம் நடந்து, எந்தெந்தத் தட்டான் எத்தனை என்று எண்ண வேண்டும். சில ஜாதிகள் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். அவை குறைந்தால் ஏரி கெடுகிறது என்று அர்த்தம். படகுக்காரர் என்னைப் பூச்சிக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுகிறார்.

மண்டி போடும்போது மடித்த சாக்கு ஒன்றைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மருமகள்


ஆகஸ்ட் 16

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. எல்லோரும் நலமா என்று மொத்தமாகக் கேட்டிருக்கிறாய். இந்த வீட்டில் எல்லோரும் என்றால் இரண்டு பேர். ஒருத்தியின் முழங்காலை விசாரித்தாய், இன்னொருவனைத் தனியாக விசாரிக்கவில்லை. அவனுக்கு ஜலதோஷம். சொல்லி வைத்தேன்.

உன் பாடத்தைச் சொன்னபடி செய்தேன். பக்கத்துக் காலி மனையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கோரை முளைத்திருக்கிறது. அங்கே சாக்கை விரித்து மண்டி போட்டு, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவர் மேலிருந்து பார்த்துவிட்டு, "ஐயையோ, பெரியம்மா விழுந்துட்டாங்க, ஓடியாங்க" என்று தெருவையே கூட்டிவிட்டாள். நான்கு பேர் ஓடி வந்தார்கள். தட்டான் பறந்துவிட்டது. "விழலை, படம் எடுக்கறேன்" என்றேன். "எதை?" என்றாள். "தட்டானை." அவள் என்னைப் பார்த்த பார்வையில், விழுந்திருந்தாலே மரியாதையாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

நான்கு பிரதிகள் இதோடு அனுப்பியிருக்கிறேன். ஸ்டுடியோக்காரன் அச்சுப் போடும்போது, "ஏம்மா, கல்யாணம் காட்சி எதுவும் இல்லையா, ஈயும் கொசுவுமா இருக்கே" என்றான். "உன் வேலை அச்சுப் போடறது" என்றேன். மூன்றாவது படத்தில் கண் வந்திருக்கிறது. அந்தக் கண்ணில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிவதைப் பார்த்தபோது நான் உண்மையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்தோரு வருடமாக இந்தப் பிராணி என் கொடிக்கயிற்றில் உட்கார்ந்திருக்கிறது, இதற்கு முகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. குறைகளை எழுது. புகழ வேண்டாம்.

ஒரு சந்தேகம். மாதிரிக்கு நீ எடுத்த படங்களைப் பார்க்கலாம் என்று கேமராவில் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். உன் வீட்டுக்காரனின் அலுவலக உல்லாசப் பயணம்தான் வருகிறது. மேனேஜர் கயிறு இழுக்கிறார், மேனேஜர் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார், மேனேஜர் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. உன் படங்களை எங்கே வைத்திருக்கிறாய்?

ஆசிகளுடன்,
அத்தை


செப்டம்பர் 21

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். கணக்கெடுப்பு அதிகம்.

படம் ஒன்று: பின்னணியில் வாளி தெரிகிறது. கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்திருந்தால் பச்சைக் கோரை வந்திருக்கும். இரண்டு: வெயில் ஏறிய பிறகு எடுத்திருக்கிறீர்கள், இறக்கை வெள்ளையாக வெந்துபோயிருக்கிறது. காலையில் சீக்கிரம் போங்கள். குளிரில் அதற்குப் பறக்கத் தெம்பு இருக்காது. மூன்று: குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான்கு: ஃபிளாஷ் நேராக அடித்துக் கண்ணில் வெள்ளைப் பொட்டு விழுந்திருக்கிறது. வெள்ளைக் காகிதக் கப் ஒன்றின் அடியை வெட்டி, ஃபிளாஷ் மேல் மாட்டுங்கள். வெளிச்சம் பரவும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மருமகள்


அக்டோபர் 14

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். உன் கடிதம் மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நான்கு படத்துக்கும் வரிசையாகப் பதில் எழுதியவளுக்கு ஐந்தாவது கண்ணில் படவில்லை என்று நான் நம்ப வேண்டும். நம்பவில்லை. இருந்தாலும் விட்டுவிடுகிறேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். ஒரு புத்தகத்தை எடுத்தால் இரண்டு பக்கம், ஒரு துணியை மடித்தால் பாதி. காலி மனைக்குப் போனால்தான் கை கால் ஒரு இடத்தில் நிற்கிறது. அங்கேயும் இந்த வாரம் தோல்வி. மழை விட்டதும் மஞ்சளாக ஒரு தட்டான் கூட்டம் வந்தது. வானம் முழுக்க மேலும் கீழுமாக மிதக்கின்றன. ஒன்று வந்து ஒரு காய்ந்த குச்சியில் தொங்கியது. கிட்டே போனேன், பறந்தது. நீ சொன்னபடி துரத்தவில்லை. குச்சிக்கு எதிரில் சாக்கைப் போட்டு, கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் போய் அதே குச்சிக்கு எதிரில் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஆயிரம் சுற்றுகின்றன, என் குச்சிக்கு ஒன்றுகூட வரவில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டது. உன் விதி தப்பு.

இன்னொன்று. நேற்று சாப்பிடும்போது என் பிள்ளை, "அவளுக்கு அங்கேயே நிரந்தரமா வேலை தர்றாங்களாம், ஜனவரி கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம், அவ ஆபீசுக்கு போன் போட்டப்ப யாரோ சொன்னாங்க" என்றான். சொல்லிவிட்டு மோர் கேட்டான். நீ என்ன பதில் சொன்னாய் என்று அவனைக் கேட்டதற்கு, "என்கிட்ட அவ எதுவும் கேக்கலையே" என்றான்.

இது உண்மையா? மார்ச்சில் வருகிறாயா, இல்லையா?

ஆசிகளுடன்,
அத்தை


நவம்பர் 5

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். எனக்கு லேசாகச் சளி, வேறொன்றுமில்லை.

விதி தப்பில்லை, தட்டான் வேறு. அந்த மஞ்சள் ஜாதி குச்சிக்குத் திரும்புகிற இனம் இல்லை. முன்பே சொல்லாதது என் தவறு. அது எப்போதாவது தொங்கி இளைப்பாறும், அவ்வளவுதான். அடுத்த முறை வேறு எங்கோ. மழையைத் தேடிக் காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். கடலைக்கூடத் தாண்டும். தேங்கிய தண்ணீரில் முட்டையிட்டுவிட்டுப் போகும். அந்தத் தண்ணீர் வற்றுவதற்குள் குஞ்சு வளர்ந்து இறக்கை முளைத்துக் கிளம்பிவிடும். பிறந்த இடத்துக்கு அது வருவதில்லை. அதைப் படம் எடுக்க வேண்டுமானால் குச்சியைப் பார்த்து உட்காரக் கூடாது அத்தை. அது எங்கே தொங்குகிறதோ அங்கே நாம் போக வேண்டும்.

வேலை விஷயம் உண்மை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
மருமகள்


நவம்பர் 13

மருமகளுக்கு,

ஆசிகள். சௌக்கியம்.

தட்டானை வைத்து எனக்கு உபமானம் எழுதாதே. கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருடம் படித்தவள் நான். சுற்றி வளைத்துப் பேசுவதை அவர்களுக்கு அடுத்தபடியாக எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். வருகிறேன் என்றால் வருகிறேன் என்று எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது.

நீ சொல்லாததை நான் வேறு இடத்தில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கேமராவை அவன் முன்னால் வைத்தேன்.

"இதுல அவ எடுத்த படமெல்லாம் எங்கேடா?"

"எந்தப் படம்?"

"தட்டான், வண்டு, சிலந்தி. வருஷக்கணக்கா எடுத்தாளே."

"ஓ, அதுவா. பிக்னிக் அன்னிக்கு கார்டு ஃபுல்லுன்னு வந்துதும்மா. மேனேஜர் நிக்கறாரு, எல்லாரும் நிக்கறாங்க. மொத்தமா அழிச்சிட்டேன்."

"கம்ப்யூட்டர்ல இல்லையா?"

"இருந்துச்சு. ஆபீஸ் ஃபைலுக்கு இடம் பத்தலைன்னு நான்தான் எல்லாத்தையும் கார்டுக்கு மாத்திக்கோன்னு சொன்னேன். அவளும் நல்லதாப் பொறுக்கி எடுத்து கார்டுல போட்டா."

"அவகிட்ட கேட்டியா, அழிக்கறதுக்கு முன்னாடி?"

"பூச்சிதானேம்மா. மறுபடி எடுத்துக்கலாமே. வந்து சொன்னேன், சரின்னுட்டா. ஒண்ணுமே சொல்லலையே."

பேப்பரைப் புரட்டினான். என் பிள்ளை கெட்டவன் இல்லை. அவன் அப்பா போன பிறகு என்னை ஒரு நாள் தனியாக விட்டதில்லை. அதனாலேயே என் கோபத்துக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அத்தை


டிசம்பர் 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அவர் சொன்னது எல்லாம் சரி. அன்றைக்குச் சாயங்காலம் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். கேமராவை மேஜையில் வைத்து, "உன் கேமரா செம, மேனேஜரே அசந்துட்டாரு" என்றார். அப்புறம், "கார்டு ஃபுல்லா இருந்துச்சு, பூச்சியெல்லாம் எடுத்துட்டேன்" என்றார். நான் "சரி" என்றேன். நீங்கள் அடுத்த அறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்கிறாரே, அதுதான் அத்தை, முடியாது. பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. அதில் ஒரு நீலத் தட்டான், கண் மட்டும் பாதி பழுப்பு, பாதி நீலம். தண்ணீருக்குள் புழுவாக இருந்தது கோரைத் தண்டில் ஏறி, முதுகு வெடித்து, சுருங்கின இறக்கையோடு வெளியே வந்து, இறக்கை விரிந்து காய்கிற வரை முழுவதும் எடுத்திருந்தேன். அந்தக் காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அட்டை கடித்தது, அசையவில்லை. அந்தக் குட்டையைத் தூர்த்து இப்போது மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்த ஜாதியை நான் அப்புறம் எங்கேயும் பார்க்கவில்லை. இந்த ஏரியிலும் இல்லை. ஐந்து மாதமாகத் தேடுகிறேன்.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வருத்தப்படுவார், மன்னிப்புக் கேட்பார். நான் மன்னிக்க வேண்டியிருக்கும். எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. அதற்குப் பிறகு எது கேட்டாலும் சரி என்றேன். டி.வி. சத்தத்துக்குச் சரி. விருந்தாளிக்குச் சரி. எனக்கே என்னைப் பார்க்கப் பயமாகிவிட்டது. அப்போதுதான் இந்த வேலைக்கு விளம்பரம் வந்தது.

எனக்காக அவரைத் திட்டாதீர்கள். நீங்கள் நேராகக் கேட்டதற்கு நேராகப் பதில் எழுதுகிறேன்: வர வேண்டும் என்று தோன்றவில்லை. வரமாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அந்த வீட்டில் நான் பிரிய முடியாத ஆள் ஒருவர் இருக்கிறார், அது அவர் இல்லை.

அன்புடன்,
மருமகள்


ஜனவரி 4

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். உன் சளி போனதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை. அந்தக் குட்டையைப் பற்றி மட்டும் சொன்னேன். "அவ தண்ணியில நின்னா, சரி. எனக்கு யார் சொன்னா?" என்றான். "நீ கேட்டியா?" என்றேன். எழுந்து வாசலுக்குப் போனான்.

நேற்று வந்து என் எதிரில் உட்கார்ந்தான். "அம்மா, நீ எழுதினா அவ வருவா. நீ சொல்லி அவ எதையும் தட்டினதில்லை. வந்துடுன்னு ஒரு வரி எழுதேன்" என்றான். பேனாவைக்கூட எடுத்துக் கொடுத்தான்.

உனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எழுத எனக்கு ஆசை. நீ போனதிலிருந்து இந்த வீட்டில் நான் பேசுகிற வாக்கியங்கள் 'சாப்பிட வா', 'விளக்கை அணை' என்ற அளவில் நின்றுவிட்டன. நீ வந்துவிட்டால் எனக்கு எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் எழுதவில்லை. நான் கேட்டால் நீ சரி என்பாய். உன்னிடமிருந்து இன்னொரு சரியை வாங்க எனக்கு இஷ்டமில்லை.

அவனிடம், "உன் பெண்டாட்டி, நீ போய்க் கேள்" என்றேன். "எனக்கு அங்க வழி தெரியாது" என்றான். "அவளுக்கு மட்டும் தெரிஞ்சுதா?" என்றேன். பதினெட்டாம் தேதி வருகிறான். நான் அனுப்பியதாக நினைக்காதே. என்னை நினைத்து முடிவெடுக்காதே. நான் மண்டி போட்டுப் படமெடுக்கிறவள், விழுந்து கிடக்கிறவள் இல்லை.

ஆசிகளுடன்,
அத்தை


ஜனவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க இந்த முறை தயக்கமாக இருக்கிறது.

அவர் வந்தார். இரண்டு பஸ் மாறி, சட்டையெல்லாம் தூசியோடு வந்து நின்றார். பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். புதிய மெமரி கார்டுகள், நான்கு. "இனிமே நிறைய இடம் இருக்கும். நான் தொடமாட்டேன்" என்றார். வாங்கி மேஜையில் வரிசையாக அடுக்கினேன்.

காலையில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். ஒரு ஊசித்தட்டான் புல் நுனியில் இருந்தது. கேமரா வழியாகப் பார்க்கச் சொன்னேன்.

"ஹெலிகாப்டர் மாதிரி இருக்கு. கடிக்குமா?"

"கடிக்காது."

"நல்லாருக்கு" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அடுத்த மூச்சில், "எப்ப வர்றே?" என்றார்.

"வரலைங்க."

"கார்டு வாங்கிட்டு வந்திருக்கேனே."

"நீங்க அழிச்சதுக்காக இல்லை. நான் சரின்னு சொன்னதும் நம்பிட்டுப் போய் சாப்பிட உக்காந்தீங்களே, அதுக்காக."

"வேற எப்படி நான் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார். படகுக்காரர் தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓட்டை இல்லாத படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். பஸ் வரும்வரை இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

இனி உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உரிமை இல்லாமல் கூப்பிடுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் சொல்லிவிடுங்கள். புரிந்துகொள்வேன். கேமராவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நான்


பிப்ரவரி 10

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். உடம்பு சுகமே. உன் கடிதம் வந்த அன்று மூன்று முறை தெருக்கோடி வரை போய் வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "எதையாவது தொலைச்சிட்டீங்களா பெரியம்மா" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். அவளும் கூட நடந்து தேடினாள்.

அவன் ஊரிலிருந்து வந்து, "அவ வரலையாம், அம்மா" என்றான். போன சனிக்கிழமை ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, உன் அலமாரியைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்து உள்ளே திணிக்க ஆரம்பித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு திணித்தான். "தள்ளு" என்றேன். "நான் செய்யறேன்மா" என்றான். "உனக்கு மடிக்கத் தெரியாது. போய் முகம் கழுவு" என்றேன். போனான். குழாய் வெகுநேரம் ஓடியது.

நானே கட்டினேன். புடவைகளுக்கு நடுவில் காகிதம் வைத்திருக்கிறேன். கண்ணாடிப் புட்டிகளைத் துண்டில் சுற்றியிருக்கிறேன். கேமரா வைக்கிற முக்காலியின் மூன்றாவது கால் கழன்றிருந்தது, திருகிவிட்டேன். உன் செருப்பு ஒரு ஜோடி தேய்ந்துபோயிருக்கிறது, இருந்தாலும் போட்டிருக்கிறேன், தூக்கிப்போடுவது உன் விருப்பம். அலமாரி காலி. துடைத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். லாரியில் திங்கட்கிழமை ஏற்றிவிடுவார்கள். நீ வருவாய் என்று அந்தக் கதவை மூடி வைத்திருந்தவள் நான்தான், ஆகவே காலி செய்வதும் என் வேலை.

எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறாய். அது என்ன கேள்வி. அவனைக் கட்டிக்கொண்டதால் வந்த உறவை அவனோடு முடித்துக்கொள். ஆறு மாதமாக என் படங்களில் குறை சொன்னாயே, அது அவன் வழியாக வந்தது இல்லை.

கேமராவை எனக்கே கொடுத்திருக்கிறாய். வைத்துக்கொள்கிறேன். ஆனால் காலி மனையில் தண்ணீர் வற்றிவிட்டது, கோரை காய்ந்துவிட்டது, கொடிக்கயிற்றில்கூட எதுவும் உட்காருவதில்லை. அதை வைத்துக்கொண்டு இங்கே நான் என்ன செய்வது?

உன் அறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்குமா? ஒரு வாரம் வர நினைக்கிறேன். உனக்கு இடைஞ்சல் என்றால் நான்கு நாள். கட்டில் இல்லாவிட்டால் தரையில் படுத்துக்கொள்வேன், என் சாப்பாட்டை நானே பார்த்துக்கொள்வேன். நீ வேலைக்குப் போகும்போது கூடவே கரையில் நடப்பேன், பேச்சுக் கொடுக்க மாட்டேன். எந்த வீட்டிலும் நான் இப்படி இடம் கேட்டு நின்றதில்லை. சரியாகக் கேட்டேனா என்றுகூடத் தெரியவில்லை.

உனக்கு இஷ்டமில்லை என்றால் இல்லை என்று எழுது. மரியாதைக்காக மட்டும் சரி என்று எழுதிவிடாதே. எதுவானாலும் இந்த முறை தாமதிக்காமல் எழுது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் வாசலில்தான் இருக்கிறேன்.

அத்தை